ஓட்டியவர்: ஏழுமலை

மைலேஜ் கம்ப்ளைண்ட் எனக்குப் பிடிக்காது. வேலை பார்த்த முப்பத்தெட்டு வருஷமும் பிடித்ததில்லை. பிரேக் நிற்கவில்லை என்றால் பிரேக்கைப் பார்க்கலாம். சத்தம் வருகிறது என்றால் குனிந்து கேட்கலாம். "முன்ன மாதிரி தரல பாய்" என்று ஒருவர் சாவியை நீட்டினால் எங்கே கை வைப்பது? கோளாறு என்ஜினில் இருக்கலாம், டயரில் இருக்கலாம், ஓட்டுகிறவர் காலில் இருக்கலாம். எங்கள் புதுச்சேரியில் இன்னொரு இடமும் உண்டு. டிரைவரின் சட்டைப் பை.

இங்கே டீசல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. கோரிமேடு எல்லையைத் தாண்டினால் விலை வேறு. எல்லைக்கு இந்தப் பக்கம் பங்க்குகள் வரிசையாக நிற்பது அதனால்தான். வண்டியிலிருந்து டியூப் போட்டு இறக்கி, கேனில் ஊற்றி அந்தப் பக்கம் விற்றவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால் ஒரு கம்பெனி வண்டியில் மைலேஜ் இறங்கினால் யாருக்கும் முதலில் வண்டிமேல் சந்தேகம் வராது.

மெக்கானிக் சங்கத்துத் தம்பிகள் இந்த வருஷம் மலர் போடுகிறார்களாம். "இப்பல்லாம் வண்டியே மைலேஜ் காட்டிடுது. பழைய டீசல் வண்டிக்கு நீங்க எப்படிப் பாத்தீங்க, கண்டுபுடிச்சதுல பெரிய கேஸ் எது, எழுதிக் குடுங்க பாய்" என்று கேட்டார்கள். கண்டுபிடித்த கேஸ்கள் எனக்கும் இருக்கின்றன. ஆனால் பேனாவை எடுத்தால் கண்டுபிடிக்காமல் விட்ட ஒன்றுதான் வந்து நிற்கிறது. அதையே எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் வாப்பாவுக்குத் துணிக்கடை. எனக்குக் கடையில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். பதினாறு வயசில் உப்பளம் பகுதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். மூன்று வருஷம் பார்ட்ஸ் கழுவினேன், அப்புறம் ஸ்பேனர் கைக்கு வந்தது, அப்புறம் டீசல் பம்ப். அவ்வளவுதான் என் படிப்பு.

எங்கள் ஃபோர்மேன் பெயர் அந்துவான். குடும்பத்தில் பாதிப் பேர் பிரான்சில். அவரும் அங்கே ஒரு கராஜில் ஆறேழு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஒர்க்‌ஷாப்புக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், சாயங்காலமும் அது வெள்ளையாகவே இருக்கும். திட்டமாட்டார். தப்பு செய்தவன் முன்னால் வந்து நின்று, அவன் கையிலிருக்கும் ஸ்பேனரை வாங்கி, துடைத்து, பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குமேல் அன்றைக்கு அவனுக்கு வேலை கிடையாது. சரியாகச் செய்தால் "பியேன்" என்று ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல், நல்லது என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்காக நாங்கள் நாய் மாதிரி உழைத்தோம்.

ஊரே லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கும். அவர் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பார். அவருடைய மைலேஜ் ஃபாரமும் அப்படித்தான். அவரே தட்டச்சு செய்து, நகலெடுத்து வைத்திருந்தார்.

அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன், தம்பிகள் கேட்டது அதுதானே. வண்டி வந்ததும் டேங்குக்கும் பைப்புக்கும் அடியில் செய்தித்தாளை விரித்து மறுநாள் காலைவரை விடவேண்டும். ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் தெரியும். டயர் காற்றை, வண்டி ஓடுவதற்கு முன், சூடில்லாதபோது பார்க்கவேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிக்கவேண்டும். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் புகையின் நிறம் பார்க்கவேண்டும். கறுப்பாக வந்தால் இன்ஜெக்டரைக் கழற்றலாம். கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்கவேண்டும். ஜாக்கியில் தூக்கி நாலு சக்கரத்தையும் கையால் சுற்றவேண்டும், எதுவும் பிடிக்கக்கூடாது. வண்டி காட்டுகிற கிலோமீட்டர் நிஜம்தானா என்று மைல்கல்லோடு ஒத்துப் பார்க்கவேண்டும். பிறகுதான் டேங்கை நிரப்புவது. சமதரையில் நிற்கிற பங்க், எப்போதும் ஒரே பங்க், ஒரே பம்ப். டீசல் நுரைக்கும். நுரை அடங்கும்வரை நின்று, வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டி உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றி, டேங்கின் கழுத்தில் டீசல் கண்ணுக்குத் தெரிகிறவரை மறுபடி ஊற்றவேண்டும். நூறு கிலோமீட்டர் ஓட்டி அதே பம்ப்பில் வந்து அதே மாதிரி கழுத்துவரை நிரப்பினால், ஊற்றின லிட்டர்தான் கணக்கு.

ஃபாரத்தின் கடைசியில் இரண்டு வரி இருக்கும். ஒன்று, ஓட்டியவர். இன்னொன்று, ஓட்டிய வழி. வண்டியை வழக்கமாக ஓட்டுகிறவரே ஓட்டவேண்டும், அவர் வழக்கமாகப் போகிற வழியில் ஓட்டவேண்டும், மெக்கானிக் பக்கத்தில் உட்காரவேண்டும். இதில் மட்டும் அந்துவான் சார் ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்கமாட்டார். "நீ ஓட்டினா ஒன் காலோட மைலேஜ் வரும். அத வெச்சிக்கினு நான் என்ன பண்றது?" என்பார்.

உழவர்கரைப் பக்கம் ஒரு கம்பெனி இருந்தது. அவர்களுடைய வண்டி எங்களிடம்தான் சர்வீஸுக்கு வரும். டீசல் எஸ்.யு.வி., பத்து வருஷத்துக்குமேல் ஓடின வண்டி. டிரைவர் ஏழுமலை. வில்லியனூர் தாண்டி ஒரு கிராமம், கொஞ்சம் நிலமும் இருந்தது. என் வயசுதான். பத்தொன்பது வருஷமாக அந்தக் கம்பெனியில் டிரைவர். வண்டியை விட்டுவிட்டுப் போகமாட்டார், வேலை முடிகிறவரை பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பார்.

ஒரு வியாழக்கிழமை அந்த வண்டியை மேனேஜர் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். புதிதாகச் சேர்ந்தவர். டீசல் கணக்கு நோட்டைக் காட்டினார். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்தான் வந்திருந்தது. அந்துவான் சார் கணக்கில் நூறுக்குப் பன்னிரண்டரை லிட்டர். அந்த வண்டிக்கு ஒன்பது லிட்டர் சரியாக இருக்கும். நூறு கிலோமீட்டருக்கு மூன்றரை லிட்டர் எங்கோ போகிறது.

"வண்டில கோளாறுன்னா செஞ்சிக் குடுங்க. கோளாறு இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுங்க, அவன நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஏழுமலையின் வேலை என் ஃபாரத்தில் இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

அன்று சாயங்காலம் ஏழுமலை பஸ் பிடித்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். "பாய், நான் சொல்றத கேளு. காலைல நல்லா போவுது. டவுனுக்குள்ள சுத்தி சுத்தி, நெல்லித்தோப்பு சிக்னலு, மார்க்கெட்டு, கோரிமேடுன்னு போயி வந்தா மதியத்துக்கு மேல இழுக்க மாட்டுது. யாரோ பின்னால புடிச்சிக்கினு இருக்காப்ல இருக்கு. கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சா திருப்பி சரியாயிடுது" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி சரி, பாக்கறேன் போ" என்றேன். மாட்டிக்கொண்டவன் கதை சொல்கிறான் என்று நினைத்தேன். ஒரு மெக்கானிக்குக் கோளாறை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லமுடியாது. முழுசாகச் சொல்லிவிட்டுப் போனார் மனுஷன். என் காதில் ஏறவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்துவான் சார் சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்கு லீவு. காலையில் எல்லாம் பார்த்தேன். செய்தித்தாளில் சொட்டு இல்லை. ஃபில்டர் சுத்தம், புகை சுத்தம், கிளட்ச் சரி. சக்கரங்களைத் தூக்கிச் சுற்றினேன், நாலும் பூ மாதிரி சுற்றின. டேங்கை நிரப்பினேன். மேனேஜர் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"டிரைவர வரச் சொல்லுங்க சார், அவருதான் ஓட்டணும்" என்றேன்.

"திருடங்கிட்டயே சாவி குடுப்பாங்களா? நீங்களே ஓட்டுங்க."

நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஏழுமலையின் வழியில், டவுனுக்குள் சிக்னல் சிக்னலாக நூறு கிலோமீட்டர் என்றால் பகல் முழுக்க ஆகிவிடும். எனக்கு ஜும்ஆ தொழுகைக்குப் போகவேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் இரண்டு மணி நேரம். மரக்காணம் தாண்டி ஐம்பதாவது கிலோமீட்டரில் திருப்பிக்கொண்டு வந்தேன். ரோடு காலி. போக வர பத்துத் தடவை பிரேக் மிதித்திருந்தால் அதிகம். அதே பம்ப்பில் நிரப்பினேன். எட்டு லிட்டர் எண்ணூறு.

மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பள்ளிவாசலுக்கு நேரத்துக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை ஃபாரத்தை எழுதினேன். ஓட்டியவர் என்ற இடத்தில் பேனா நின்றது. என் பெயரை எழுதினால் அந்துவான் சார் கையெழுத்துப் போடமாட்டார், திரும்ப ஓட்டச் சொல்வார். மேனேஜர் வேறு வாசலில் நிற்கிறார். அதற்குள் எனக்கே முடிவாகிவிட்டது, ஏழுமலை எடுக்கிறார் என்று. வண்டியில் ஒன்றும் இல்லை, நானே பார்த்தேன், அப்புறம் என்ன? எழுதினேன். ஓட்டியவர்: ஏழுமலை. வழி: வழக்கமான வழி.

அந்துவான் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரியில் நிமிர்ந்தார்.

"அவருதானே ஓட்டினாரு?"

"ஆமா சார்."

"அவரு ரூட்லதானே?"

"ஆமா சார்."

"பியேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ஏழுமலையை நிறுத்திவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அதுவரை என்னை நீ, வா, போ என்று பேசியவர் அன்று நீங்க என்றார்.

"பாய், நான் வண்டிய தொடவே இல்லியே. நான் ஓட்டுனேன்னு ஒங்க பேப்பர்ல எழுதி இருக்குதாம். நான் ஓட்டலன்னு ஆபீஸ்ல சொன்னா, அதுலயும் பொய் சொல்றியாடான்றாங்க. எம் பேரு எப்படி வந்துச்சு பாய்?"

"அது ஆபீஸ் சம்பந்தப்பட்டது, அங்கயே கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. அவர் செருப்பு வாசலில் நிற்பது அடியிலிருந்து தெரிந்தது. ரொம்ப நேரம் நின்றது.

டீசல் எடுத்தவன் என்று பெயர் வந்துவிட்டால் இந்த ஊரில் வேறு யாரும் சாவி கொடுக்கமாட்டார்கள். டிரைவர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அவர் கட்டட வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன், வருகிற கார்களுக்கு விசில் ஊதி இடம் காட்டுகிற வேலை என்றார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் பேச்சை மாற்றினேன்.

இரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு பிற்பகல், கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிவந்து விடுகிற ஒருவர் வண்டியை ஓட்டிக்கொண்டு நேரே உள்ளே வந்தார். முன்பக்க வலது சக்கரத்தில் புகை. வண்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதே எஸ்.யு.வி. பின்கதவில் நான் தட்டி நிமிர்த்திய இடம் அப்படியே இருந்தது. கம்பெனிக்காரர்கள் விற்றுவிட்டார்களாம்.

"வாங்கினதுலேர்ந்து எட்டுக்கு மேல தரல பாய். அங்க கடைசியா ஓட்டுன பையனும் அதான் சொன்னான். அவனையும் டீசல் எடுக்கறான்னு சொல்லி தொரத்திட்டாங்களாம்" என்றார்.

சூடு ஆறுவதற்குள் ஜாக்கியைப் போட்டேன். சக்கரம் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன், அசையவில்லை. பிரேக்கின் காற்று எடுக்கிற நிப்பிளை லேசாகத் திறந்தேன். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்தது, சக்கரம் விடுபட்டுச் சுற்றியது. மூடிவிட்டு, உள்ளே ஏறி பிரேக்கை நாலு தடவை மிதித்தேன். மறுபடி பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை மேலே, இரும்புப் பைப்பும் ரப்பர் ஹோஸும் சேர்கிற இடத்தைத் தளர்த்தினேன். விடவில்லை. அப்படியானால் கோளாறு அந்த ஒரு முழ ரப்பர் ஹோஸில்தான். கழற்றி பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். வெளியே கீறல்கூட இல்லை. உள்ளே ரப்பர் உரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. மிதித்தால் ஆயில் போக விடுகிறது, காலை எடுத்தால் திரும்ப விடுவதில்லை, பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடுகிறது. அரைமணி நேரம் நிறுத்தி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தானே சரியாகிவிடும். காலையில் தூக்கிச் சுற்றினால் பூ மாதிரி சுற்றும். காலி ரோட்டில், பிரேக் மிதிக்காமல் போனால் நூறுக்கு ஒன்பது லிட்டருக்குள் முடியும்.

யாரோ பின்னால புடிச்சிக்கினு இருக்காப்ல இருக்கு பாய்.

டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். வண்டிக்காரர் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிவர ஓடினார்.

அந்துவான் சாரிடம் சொன்னேன். முழுசாகச் சொன்னேன், ஓட்டினது நான் என்பதையும். அவர் பழைய ஃபாரத்தின் நகலை எடுத்து, கடைசி வரியையும் அதற்குக் கீழே தன் கையெழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே கம்பெனிக்குக் கடிதம் எழுதினார், தவறு எங்களுடையது என்று. பதில் வரவில்லை. அந்த மேனேஜர் வேலையை விட்டுப் போயிருந்தார், புது ஆட்களுக்கு ஏழுமலை யார் என்றே தெரியாது.

"நீ நேர்ல போயி அவருகிட்ட சொல்லணும்" என்றார் என்னிடம்.

"போறேன் சார்" என்றேன்.

போகவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம், ரம்ஜான் முடியட்டும், மழை விடட்டும். அந்துவான் சார் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் ஃபாரம் எதுவானாலும் வண்டிக்காரருக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுவார். "பியேன்" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் அப்புறம் கேட்கவே இல்லை. அவர் போய்ச் சேர்ந்தும் ஆறு வருஷம் ஆகிறது. மண்ணுக்குள் வைக்கும்போதும் நான் போய்ச் சொல்லியிருக்கவில்லை.

போன மாசம் போனேன். ஹோஸைக் கிழித்த நாளிலிருந்து பத்து வருஷத்துக்குமேல் என் பெட்டியிலேயே வைத்திருந்தேன். அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வில்லியனூர் பஸ் ஏறினேன்.

நிலத்தை விற்றுவிட்டிருந்தார்கள். ஓட்டு வீடு, வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஏழுமலைக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். முகம் மாறவில்லை.

"ஒக்காருங்க பாய். ஆறு மணிக்குத்தான் டூட்டி."

ஹோஸை எடுத்துக் காட்டினேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. விரலால் அந்த ரப்பர் நாக்கைத் தூக்கிப் பார்த்தார், விட்டார், மறுபடி தூக்கினார். ஃபாரத்தில் அவர் பெயரை எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

"தெரியும் பாய். வேற யாரு எழுதியிருப்பா?"

பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கஸ்தூரி, இங்க வா. பாய் சொல்றத நீயும் கேளு." அந்தக் குரலில் மட்டும் ஏதோ ஒரு தெம்பு இருந்தது.

அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். வண்டியில்தான் கோளாறு, இவர் ஒரு சொட்டு எடுக்கவில்லை, பொய் எழுதினவன் நான். அந்த அம்மா ஹோஸைத் தொடவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"அப்ப நெசமாவே எடுக்கலியா" என்றார்.

"எடுக்கலம்மா."

"தெரௌபதியம்மன் கோயில்ல கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்ணாரு பாய். நான்தான் பண்ணச் சொன்னேன். பண்ணாரு. அப்பவும் நான் நம்பல." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "புள்ளைங்க படிப்புக்காக எடுத்திருப்பாரு, சொல்ல வெக்கப்படறாருன்னு நெனச்சேன். பொய் சத்தியம் பண்ணிட்டாரே, ஆத்தா இவர ஒண்ணும் பண்ணிடாதன்னு வருஷா வருஷம் மாவெளக்கு போடறேன். இந்த ஆடிக்கும் போட்டேன்."

ஏழுமலை அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"மாவெளக்கு புள்ளைங்களுக்குன்னு சொன்னியே" என்றார்.

ஏழுமலை ஹோஸை நாற்காலிமேல் வைத்துவிட்டு எழுந்தார். கொடியில் கிடந்த வாட்ச்மேன் சட்டையை எடுத்து மாட்டி, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார். அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை.